நல்லவர் கையில் துப்பாக்கி

“நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் யாருக்கு என்ன சார் நஷ்டம்? ரவுடி கையில் இருந்தால்தானே ஆபத்து?”

துப்பாக்கி லைசென்ஸ் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். கேட்கிறவர் நல்லவராகவே இருக்கிறார். சிக்கலே அதுதான். “நான் கெட்டவன், எனக்கு ஒரு துப்பாக்கி வேண்டும்” என்று யாரும் மனுப் போடுவதில்லை. ரியல் எஸ்டேட் அதிபர், நகைக்கடைக்காரர், கட்சிப் பிரமுகர், ஓய்வு பெற்ற அதிகாரி எல்லாருமே அவரவர் கணக்கில் உத்தமர்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் நிஜமாகவே உத்தமர்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் சந்தேகம் வேறு. நல்லவர் என்று ஒருவருக்கு நாம் கொடுக்கும் சர்டிஃபிகேட் எத்தனை நிமிஷத்துக்குச் செல்லும்?

சென்னைவாசிகளுக்கு 2011 ஜூலை 3 ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம். தீவுத்திடல் பக்கத்தில் ராணுவ அதிகாரிகள் குடியிருப்பு. உள்ளே வாதாம் மரம். பக்கத்துக் குடிசைப் பகுதிப் பையன்கள் சுவரேறிக் குதித்து வாதாங்கொட்டை பொறுக்கப் போனார்கள். சென்னையில் பிறந்து வளர்ந்த எந்தப் பையன் வாதாங்கொட்டை பொறுக்காமல் இருந்திருக்கிறான்? மேலேயிருந்து ஒரு குண்டு வந்தது. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான்.

சுட்டது யார்? காசிமேட்டு ரவுடியா, கூலிப்படையா? இல்லை. ஓய்வு பெற்ற லெப்டினன்ட் கர்னல். இந்த நாட்டுக்காக வருஷக்கணக்கில் யூனிஃபார்ம் போட்டவர். துப்பாக்கியை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது சுடக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் இடத்தில் இருந்தவர். பையன்கள் அடிக்கடி உள்ளே வருவது அவருக்கு எரிச்சலாக இருந்தது என்றது போலீஸ் தரப்பு. அவருடைய ரைஃபிளைக் கூவத்தில் இறங்கித் தேடி எடுத்தார்கள். 2012 ஏப்ரலில் கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது.

அந்த மதியத்துக்கு முந்தின நாள் அவரைப் பற்றி யாரிடமாவது விசாரித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘டிசிப்ளின் உள்ள மனுஷன் சார்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது பொய்யும் இல்லை.

மதிய நேரத்தில் பையன்கள் சத்தம் போட்டால் எரிச்சல் வராத பெரியவர் யார்? எனக்கு வரும். உங்களுக்கும் வரும். எரிச்சல் வந்தால் ‘டேய்’ என்று கத்துவோம். ரொம்ப வந்தால் கையில் கிடைத்த குச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். வாசலுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும், பையன்கள் பறந்திருப்பார்கள், நமக்கே சிரிப்பு வந்துவிடும். ஆத்திரத்துக்கும் அது போய்ச் சேரும் இடத்துக்கும் நடுவில் உள்ள அந்தப் பத்தடி தூரம்தான் நம்மில் பலரை இன்றுவரை நல்லவர்களாக வைத்திருக்கிறது. துப்பாக்கி அந்தப் பத்தடியை அழித்துவிடுகிறது.

சரி, லைசென்ஸ் கொடுக்கும்போது அரசாங்கம் என்ன பார்க்கிறது?

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ரிப்போர்ட் வர வேண்டும். இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். வன்முறைக் குற்றத்துக்கோ ஒழுக்கக்கேடான குற்றத்துக்கோ தண்டனை பெற்றவராக இருந்தால் குறிப்பிட்ட காலத்துக்குக் கிடைக்காது. மனநலம் சரியில்லாதவருக்குக் கிடையாது. 2016-ல் வந்த புது விதிகளில் டாக்டர் சர்டிஃபிகேட், பாதுகாப்பாகக் கையாள்வதற்கான பயிற்சி என்று சிலவற்றைச் சேர்த்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஸ்டேஷனிலிருந்து வருகிறவர் முக்கியமாக எதைத் தேடுகிறார்? ‘கேஸ் ஏதாவது இருக்கா?’ கேஸ் இல்லையென்றால் நல்லவர்.

கேஸ் இல்லாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாமே! வசதியுள்ள வீட்டில் பெண்டாட்டியை அடித்தால் கேஸ் ஆகிறதா? டிரைவரை அறைந்தால் ஆகிறதா? ராத்திரி ரெண்டு ரவுண்டு போனதும் வேறு ஆளாக மாறிவிடுகிறவர் மீது எந்த ஸ்டேஷனில் ரிஜிஸ்டர் இருக்கிறது? இதெல்லாம் தெரிந்தவர்கள் மூன்று பேர்: மனைவி, வேலைக்காரம்மா, பக்கத்து வீட்டுக்காரர். இந்த மூன்று பேரில் ஒருவர் கையெழுத்துகூட நம் மனுவுக்குக் கட்டாயம் இல்லை.

கனடாவில் துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால், கூட வாழ்கிற மனைவி அல்லது துணையின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். அவர் போடாவிட்டால் அரசாங்கமே அவருக்குத் தகவல் சொல்கிறது. கடந்த இரண்டு வருஷத்துக்குள் பிரிந்துபோன துணை இருந்தால் அவருக்கும் தகவல் போகும். ஜப்பானில் போலீஸ் குடும்பத்தையும் அக்கம்பக்கத்தையும் விசாரிக்கிறது. துப்பாக்கிக்குத் தனிப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி. பூட்டி வைத்திருக்கிறாயா என்று வந்து பார்க்கிறது. நம் ஊரில் மனைவியிடம் கையெழுத்து வாங்கு என்று விதி போட்டால் எத்தனை பேர் மனுவை வாபஸ் வாங்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. அப்புறம் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பிரபலங்கள் விஷயத்துக்கு வருவோம். 1999 ஏப்ரல் 29 ராத்திரி, டெல்லியில் ஒரு விருந்து. பார் மூடியாகிவிட்டது, இனி மது கிடையாது என்று சொன்னார் அங்கே பரிமாறிக்கொண்டிருந்த ஜெசிகா லால். கேட்ட இளைஞர் மனு சர்மா, முன்னாள் மத்திய அமைச்சரின் மகன். ஒரு குண்டு கூரைக்கு, அடுத்த குண்டு ஜெசிகாவின் தலைக்கு. மனு சர்மாவின் லைசென்ஸில் இத்தாலியில் செய்த பாயிண்ட் 22 பெரெட்டா பிஸ்டல் ஒன்று ஏறியிருந்தது. அந்தப் பிஸ்டல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. 2006-ல் முதலில் விடுதலை, நாடே கொதித்த பிறகு அதே வருஷம் ஹைகோர்ட்டில் ஆயுள் தண்டனை, 2010-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. நான் கேட்பது தீர்ப்பைப் பற்றி அல்ல. அந்த லைசென்ஸுக்கு ‘இவர் தகுதியானவர்’ என்று எழுதி முத்திரை குத்தினாரே ஓர் அதிகாரி, அவரை யாராவது கூப்பிட்டு ‘எதை வைத்துய்யா எழுதினே?’ என்று கேட்டார்களா?

அடுத்தவர் சஞ்சய் தத். 1993 பம்பாய்க் கலவரச் சமயத்தில் ஏ.கே.56 வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர். சதியில் பங்கில்லை, பயங்கரவாதி அல்ல என்று சொன்ன கோர்ட், ஆயுதச் சட்டத்தில் ஆறு வருஷம் கொடுத்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஐந்தாகக் குறைத்தது. அப்போது எழுந்த குரல்கள் நினைவிருக்கிறதா? ‘பாவம் நல்ல மனுஷன், குடும்பத்தைக் காப்பாற்ற வைத்திருந்தார், முன்னாபாய் படத்தில் காந்தியைப் பற்றி எவ்வளவு அழகாக நடித்தார், மன்னித்துவிடுங்கள்.’ ஏற்கெனவே அவரிடம் லைசென்ஸோடு மூன்று துப்பாக்கி இருந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற மூன்று போதாதாம். நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் குண்டு கக்குகிற நான்காவது தேவைப்பட்டதாம். நல்லவர் என்ற பட்டம் கையில் இருந்தால் நம் மக்கள் எதை வேண்டுமானாலும் மன்னிக்கத் தயார். இதே காரியத்தைத் தாராவியில் ஒரு தையல்காரர் செய்திருந்தால் அவர் குணத்தைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்?

குணம் என்பதே இப்படித்தான், யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டும் அளந்து கொடுக்கப்படுகிறது. இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் ஓர் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்க வேண்டும், வெள்ளைக்காரருக்கு வேண்டியதில்லை. தோல் நிறமே நன்னடத்தைச் சான்றிதழ்! சுதந்திர இந்தியா அந்தச் சட்டத்தை 1959-ல் தூக்கிப் போட்டது. ஆனால் அதன் வால் இன்னும் பக்கத்தில், குடகில் ஆடிக்கொண்டிருக்கிறது. குடகர்களும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களும் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு இன்றும் உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை மேலும் பத்து வருஷத்துக்கு, 2029 வரை நீட்டித்தது.

குடகுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கரியப்பாவையும் திம்மையாவையும் கொடுத்த மண் அது. கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்கிறார்கள். பிறப்பையும் சாவையும் வானத்தை நோக்கிச் சுட்டு ஊருக்கு அறிவிக்கிற வழக்கம் இருக்கிறது. துப்பாக்கியை மதிக்கத் தெரிந்த சமூகம், ஒருவன் தப்பாகத் தொட்டால் ஊரே கேட்கும் என்ற கட்டுப்பாடும் அங்கே ஒரு காவல். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இந்த ஜாதியில் பிறந்தவன் பொறுப்பானவன்’ என்று சட்டம் சொல்வதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிறப்பை வைத்து ஒருத்தனைத் திருடன் என்று எழுதி வைத்த குற்றப்பரம்பரைச் சட்டத்தைத் தப்பு என்கிறோம். பிறப்பை வைத்து ஒருத்தனை யோக்கியன் என்று எழுதி வைப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

வடக்கே போனால் கதையே வேறு. நாட்டில் 2016 கடைசியில் சுமார் 33.7 லட்சம் லைசென்ஸ் இருந்தது. அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் சுமார் 12.8 லட்சம். தமிழ்நாட்டில் 22,500 சொச்சம். அங்கே கல்யாணம் என்றால் தோளில் துப்பாக்கி தொங்க வேண்டும், மாப்பிள்ளை ஊர்வலத்தில் சுட வேண்டும். நமக்குச் சரவெடி போதும். (அதற்கே பக்கத்துத் தெரு நாய்கள் மூன்று நாள் தூங்குவதில்லை.) 2016 நவம்பரில் ஹரியானாவின் கர்னால் நகரில், ஒரு கல்யாணத்தில் ஒரு பெண் சாமியாரும் அவருடைய பாதுகாவலர்களும் சந்தோஷத்தில் சுட்டதாக வழக்கு. மாப்பிள்ளையின் உறவுக்காரப் பெண் பலி. அடுத்த மாசமே பஞ்சாபில் பட்டிண்டா மாவட்டத்தில், கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண், வயிற்றில் குழந்தையோடு, குண்டடிபட்டு விழுந்தார். இவர்கள் யாரும் கொல்ல வரவில்லை. வாழ்த்த வந்தவர்கள்!

2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். கொண்டாட்டத்தில் சுட்டால் இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. முதலில் மசோதாவில் ஒன்றுதான் என்று போட்டிருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் இரண்டாக ஏற்றிவிட்டார்கள். கூடவே சத்தமில்லாமல் இன்னொன்றும் செய்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும் என்றிருந்ததை ஐந்து வருஷமாக்கினார்கள். ஐந்து வருஷத்தில் ஒரு மனுஷனுக்கு என்னவெல்லாம் நடக்கும்! வியாபாரம் நொடிக்கலாம், விவாகரத்து ஆகலாம், குடி பிடித்துக்கொள்ளலாம், பையன் வளர்ந்து பெரியவனாகலாம். லைசென்ஸ் கொடுத்த அன்று இருந்த ஆள் வேறு, இன்று அலமாரியைத் திறக்கிற ஆள் வேறு.

‘கள்ளத் துப்பாக்கியைப் பிடிங்க சார் முதலில், கொலை நடப்பதெல்லாம் அதிலேதான்’ என்பீர்கள். உண்மை. நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் பெரும்பகுதி லைசென்ஸ் இல்லாத ஆயுதங்களால்தான். அதைப் பிடிக்கத்தான் போலீஸுக்குச் சம்பளம். ஆனால் லைசென்ஸ் துப்பாக்கியில் என் முத்திரையும் உங்கள் முத்திரையும் இருக்கிறது. நம் பெயரால் ஒரு அதிகாரி ‘இவரை நம்பலாம்’ என்று எழுதிக் கொடுக்கிறார். அந்த நம்பிக்கை எவ்வளவு சீப்பாக விற்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் ஜம்மு காஷ்மீர் லைசென்ஸ் வழக்கைப் பாருங்கள். 2012-லிருந்து 2016 வரை, தகுதி பார்க்காமல் 2.7 லட்சத்துக்கும் அதிகமான லைசென்ஸ்களை வாரி வழங்கினார்கள் என்பது சி.பி.ஐ.யின் குற்றச்சாட்டு. ரேஷன் கார்டுக்கு நாம் எத்தனை தடவை நடந்திருக்கிறோம்!

அரசாங்கத்துக்கே உள்ளூர இது தெரியும். தேர்தல் தேதி அறிவித்ததும், லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவிப்பு வரும், கவனித்திருப்பீர்கள். பேங்க் காவலாளி மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. ஏன்? போன மாசம்வரை நல்லவராக இருந்தவர் நாமினேஷன் ஆரம்பித்ததும் கெட்டவராகிவிட்டாரா? ஆகவில்லை. ஆத்திரம் கூடுகிற சமயம் அது, அவ்வளவுதான். ஆத்திரம் கூடினால் நல்லவர் கையிலும் துப்பாக்கி இருக்கக்கூடாது என்று அரசாங்கமே ஒத்துக்கொள்கிறது. ஆத்திரம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் கமிஷன் அறிவித்துவிட்டுத்தான் வருமா என்ன?

எம்.ஜி.ஆர். சுடப்பட்டதும் தேர்தல் நெருங்கிய நேரம்தான். 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஆர்.ராதா பேசத்தான் போனார். பேச்சு முற்றியது. எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார் என்று கோர்ட் முடிவு செய்து ராதாவைத் தண்டித்தது. இருவரும் பிழைத்தது தமிழ்நாட்டின் அதிர்ஷ்டம். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டப்பட்டதும், தி.மு.க. ஜெயித்ததும், அவர் குரல் கடைசிவரை மாறிப்போனதும் உங்களுக்குத் தெரிந்த கதை. எத்தனையோ படங்களில் சேர்ந்து நடித்த இரண்டு பேர். ராதா கையில் அன்றைக்குத் துப்பாக்கி இல்லாமல் இருந்திருந்தால்? நாலு கெட்ட வார்த்தை, ஒரு நாற்காலி உதை, அதிகம் போனால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். பத்திரிகைக்குக்கூடச் செய்தி வந்திருக்காது.

துப்பாக்கிக்காரர் தன்னைப் பற்றி மட்டும் உறுதி சொன்னால் போதுமா? வீட்டில் இருக்கிற மற்றவர்கள்? 2007 டிசம்பரில் டெல்லிக்குப் பக்கத்தில் குர்காவ்னில், ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்புப் பையனைச் சக மாணவர்கள் இரண்டு பேர் சேர்ந்து சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கி, ஒரு பையனுடைய அப்பாவுடையது. அமெரிக்காவில் 2021 நவம்பரில், மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில், பதினைந்து வயதுப் பையன் பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்றான். நாலு நாள் முன்னால்தான் அப்பா அந்தப் பிஸ்டலை வாங்கியிருந்தார். அம்மா அவனைச் சுடும் பயிற்சிக்குக் கூட்டிப் போயிருந்தார். சம்பவம் நடந்த அன்று காலையில்கூட, அவன் வரைந்த படத்தைப் பார்த்துப் பயந்துபோன பள்ளி, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசியது. வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று வீட்டில் போய்ப் பார்க்கவும் இல்லை.

துப்பாக்கியைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற அமெரிக்காவே அந்தத் தடவை கும்பிடவில்லை. 2024-ல் அப்பா, அம்மா இருவரையும் ஜூரி குற்றவாளி என்றது. ஆளுக்குப் பத்திலிருந்து பதினைந்து வருஷம் ஜெயில். பிள்ளை பள்ளியில் நடத்திய கூட்டக் கொலைக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. ‘நாங்கள் சுடவில்லையே’ என்ற வாதம் எடுபடவில்லை. உன் துப்பாக்கி யார் கைக்குப் போனாலும் அது உன் துப்பாக்கிதான்.

எனக்குப் பிடித்த தீர்ப்பு அது. நம் ஊருக்கும் வேண்டும். விதிகளில் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று நிறையவே எழுதியிருக்கிறது. பீரோவில் புடவைக்கு நடுவே சொருகி வைத்து, சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறவர் வீட்டில் விபத்து நடந்தால், ‘ஐயோ பாவம்’ என்று சொல்லாமல் அவரை உள்ளே போடுகிற மாதிரி கறாரான சட்டம் வேண்டும்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் 2023-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அதில் சுமார் 27,300 பேர் தற்கொலை. பாதிக்கு மேல்! திருடனுக்காக வாங்கி வைத்த துப்பாக்கி வீட்டுக்காரரைத்தான் அதிகம் கொன்றிருக்கிறது. மனசு உடைந்துபோகிற ஒரு ராத்திரி யாருக்கும் வரலாம். அந்த ராத்திரியைத் தாண்டிவிட்டவர்களில் பெரும்பாலோர் பிறகு வாழ்ந்துவிடுகிறார்கள். தாண்டுவதற்கு அவகாசம் வேண்டும். எரிச்சலுக்குச் சொன்ன அதே பத்தடி கணக்குதான் இங்கேயும்.

காட்டுப்பன்றியிடமிருந்து கடலையைக் காப்பாற்ற மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் வைத்திருக்கும் விவசாயியுடன் எனக்குச் சண்டை இல்லை. துப்பாக்கி சுடும் போட்டியில் மெடல் வாங்குகிற பெண்ணோடும் இல்லை. அவர்களுக்கு அது மண்வெட்டி மாதிரி, டென்னிஸ் மட்டை மாதிரி ஒரு கருவி. இடுப்பில் சொருகிக்கொண்டு, சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிக்கொண்டு, ‘செக்யூரிட்டிக்காக வச்சிருக்கேன்’ என்று சொல்கிறாரே, அவரோடுதான். ‘நான் நல்லவன், என்னை நம்புங்கள்’ என்பதைத் தவிர அவரிடம் வேறு உத்தரவாதம் இல்லை. அவர் குணத்தை அதிகாரிகள் இன்னும் ஆழமாக ஆராய வேண்டும் என்றும் நான் கேட்க மாட்டேன். நம் ஊரில் குணத்தை ஆராய ஆரம்பித்தால் அது எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதத்தில் போய் முடியும். நான் கேட்பது இதைத்தான்: எல்லாருக்கும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கெட்ட நிமிஷம் ஒன்று வரும் என்று எடுத்துக்கொண்டு சட்டம் போடுங்கள். தனித்தனிப் பூட்டு, வருஷா வருஷம் வீட்டுக்கு வந்து சோதனை, வீட்டில் இருப்பவரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை அவர் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்த நிமிஷமே துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

உங்களில் யாராவது லைசென்ஸ் வைத்திருந்தால், சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மனைவியிடம் கேளுங்கள், ‘இது இந்த வீட்டில் இருப்பதில் உனக்குச் சம்மதமா?’ என்று. என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட, சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள்.